புதுப்பிப்பு: முன்பக்க ரேக் முடிவாகிவிட்டது

சைக்கிளின் முன் சக்கரத்துக்கு மேலே தட்டையான ரேக்கா (சாமான் வைக்கும் சட்டம்), இரண்டு பக்கமும் தாழ்வாகத் தொங்கும் பைகளா என்று கேட்டிருந்தேன் அல்லவா, பைகளைத் தொங்கவிடும் தாழ்வான ரேக்கையே மாட்டிவிட்டேன். என்னுடையது ஸ்டீல் ஃபோர்க் (முன் சக்கரத்தை இரு பக்கமும் பிடித்திருக்கும் கவை), நடுவில் திருகுத் துளைகளும் இருக்கின்றன, அதனால் யோசிக்கவில்லை. கார்பன் ஃபோர்க் என்றால் தயாரித்தவர்கள் அனுமதிக்கும் எடையைப் பார்க்காமல் கை வைக்காதீர்கள். சுமை சக்கர அச்சின் உயரத்தில் இருப்பதால் ஹேண்டில்பார் கொஞ்சம் நிதானமாகத் திரும்புகிறது, மெதுவாகப் போகும்போதும் ஒரு பக்கம் இழுப்பதில்லை, ஆனால் இரண்டு பைகளிலும் எடை ஏறக்குறைய சமமாக இருக்க வேண்டும்.

அப்புறம், பையின் அடிப்பகுதியை ரேக்கோடு பிடித்துவைக்கும் கீழ்க் கொக்கியைக் கவனியுங்கள். அது தளர்ந்தால் பள்ளத்தில் பை துள்ளி ஸ்போக்ஸில் உரசும்.

முன்பக்கம் கூடை போதும் என்றவர்களுக்கு: மழைக்கோட்டுக்குச் சரி, பூட்டு, கருவிகள் எல்லாம் போட்டால் ஸ்டாண்டில் நிறுத்தியதும் முன் சக்கரம் பட்டென்று திரும்பிக்கொள்ளும்.