காகித ஆலைக் கழிவுநீர்: சேறு படியவில்லை, நிறமும் போகவில்லை. பாக்டீரியா பவுடர் உதவுமா?

கேள்வி:
நாளொன்றுக்கு 5,000 கன மீட்டர் கழிவுநீர். காற்றேற்றத் தொட்டிக்குள் வரும் பி.ஓ.டி. (கழிவைச் சிதைக்க பாக்டீரியாவுக்கு வேண்டிய ஆக்ஸிஜன்) 800 மி.கி./லி. தொட்டியின் கொள்ளளவு 4,000 கன மீட்டர், எம்.எல்.எஸ்.எஸ். (தொட்டி நீரில் மிதக்கும் சேறு) 3,500 மி.கி./லி., டி.ஓ. (நீரில் கரைந்த ஆக்ஸிஜன்) 0.8 மி.கி./லி., வெப்பநிலை 36 டிகிரி. ஊட்டச்சத்து என்று தினம் 50 கிலோ யூரியா மட்டும் போகிறது. 1 லிட்டர் ஜாடியில் 30 நிமிடம் வைத்தால் சேறு 850 மி.லி.யிலேயே நிற்கிறது, கிளாரிஃபையரில் (சேறு படியும் தொட்டி) வழிகிறது. தினம் பாக்டீரியா பவுடர் போட்டால் சேறும் படியும், பழுப்பு நிறமும் போகும் என்கிறார்கள். வாங்கலாமா?

பதில் 1:
வேண்டாம் சார். பாக்டீரியா ஏற்கெனவே 14 டன் சேற்றில் இருக்கிறது. அதற்குச் சாப்பாடு சரியில்லை.

எஸ்.வி.ஐ. (ஒரு கிராம் சேறு படிந்தபின் பிடிக்கும் இடம், மி.லி.யில்) 850 × 1000 ÷ 3500 = 243. 150-ஐத் தாண்டினாலே கவனிக்க வேண்டும். காகித ஆலை நீரில் கார்பன் ஏராளம், நைட்ரஜனும் பாஸ்பரஸும் சொற்பம். பி.ஓ.டி. 100-க்கு நைட்ரஜன் 5, பாஸ்பரஸ் 1 என்பது தொடக்கக் கணக்கு. உங்கள் 4,000 கிலோ பி.ஓ.டி.க்கு 200 கிலோ நைட்ரஜன், 40 கிலோ பாஸ்பரஸ். டி.ஏ.பி. உரம் 200 கிலோ போட்டால் பாஸ்பரஸ் முழுதும் கிடைக்கும், நைட்ரஜனும் 36 கிலோ வரும். மீதிக்கு யூரியா சுமார் 360 கிலோ. வரும் நீரில் ஏற்கெனவே இருப்பதைக் கழித்துக்கொள்ளுங்கள். ஒரேயடியாக ஏற்றாமல் படிப்படியாகக் கூட்டுங்கள். டி.ஓ.வை 2-க்குக் கொண்டுவராமல் இது எதுவும் பலிக்காது.

அதற்கு முன் ஒரு சோதனை: ஒரு துளி சேற்றில் ஒரு துளி இந்தியன் மை (வரைவதற்கான கறுப்பு மை) கலந்து நுண்ணோக்கியில் பாருங்கள். சேற்றுத் திட்டுகளுக்குள் மை நுழையாமல் வெள்ளையாகத் தெரிந்தால் அது சளி. நைட்ரஜனோ பாஸ்பரஸோ கிடைக்காத பாக்டீரியா, மிஞ்சும் கார்பனைச் சளியாக வெளித்தள்ளும். அது நீரைப் பிடித்துக்கொள்வதால் சேறு இறங்காது.

பதில் 2:
மை நுழைந்து, திட்டுகளுக்கு வெளியே நூல்நூலாக நீட்டிக்கொண்டிருந்தால் இழை பாக்டீரியா. சமநிலைத் தொட்டியில் (கழிவுநீரை முதலில் சேர்த்துக் கலக்கும் தொட்டி) அழுகிய முட்டை வாடை இருந்தால் சல்ஃபைடைத் தின்று வளரும் தயோத்ரிக்ஸ் என்ற இழை பாக்டீரியா மேல் சந்தேகம் கொள்ளலாம். அவசரத்துக்கு, திரும்பும் சேற்றுக் குழாயில் டன் எம்.எல்.எஸ்.எஸ்.க்கு நாளுக்கு 2 கிலோ குளோரின். மேல்நீர் பால்போல் கலங்கினால் நிறுத்துங்கள். இழை அடங்கும், காரணம் அப்படியேதான் இருக்கும்.

கேட்டவர்:
திட்டுகள் வெள்ளையாகத்தான் தெரிகின்றன. தொட்டி முடிவில் வடிகட்டிய நீரில் அம்மோனியா நைட்ரஜன் 0.2 மி.கி./லி. நிறத்துக்கு வழி?

பதில் 3:
அப்படியானால் பட்டினிதான். தொட்டி முடிவில் லிட்டருக்கு அம்மோனியா நைட்ரஜன் 1, ஆர்த்தோ பாஸ்பேட் (கரைந்த பாஸ்பரஸ்) 0.5 மி.கி. அளவுக்கு மிஞ்சும்படி வையுங்கள். அதற்கு மேல் போடாதீர்கள். மிஞ்சும் பாஸ்பரஸ் ஆற்றில் பாசியை வளர்க்கும்.

நிறம் லிக்னினுடையது (மரநாரைப் பிணைக்கும் பொருள்). ஒரு நாளுக்கும் குறைவான காற்றேற்றத்தில் பாக்டீரியா அதை உடைப்பது மிகக் குறைவு. வெள்ளை அழுகல் பூஞ்சைகள் உடைக்கும். ஆனால் திறந்த தொட்டியில் பாக்டீரியாவோடு போட்டியிட்டு அவை நிலைப்பதில்லை. கிளாரிஃபையருக்குப் பின் படிகாரம் போட்டு, பி.எச். 5 முதல் 6-க்குள் ஜார் டெஸ்ட் (ஜாடிகளில் வெவ்வேறு அளவு போட்டுப் பார்க்கும் சோதனை) செய்து அளவு பாருங்கள். நிறம் இறங்கும், ஆனால் ரசாயனச் சேறு நிறைய வரும். கூழ் கழுவுவதைச் சீராக்கி, சிந்தும் கருங்கழிவை (மரத்தை வேகவைத்த கறுப்புத் திரவம்) தனித் தொட்டியில் பிடிப்பதே நல்லது. நிறம் ஆற்றில் போனால் வெளிச்சம் ஆழத்துக்கு இறங்காது, நீர்த்தாவரங்கள் வாடும்.

சோடியம், குளோரைடை எந்தப் பாக்டீரியாவும் குறைக்காது. பி.ஓ.டி. 30-க்கு வந்துவிட்டது என்று வயலுக்குத் திருப்பிவிட்டால் சோடியம் மண்ணை இறுக்கிவிடும். பாசனத்துக்கு விடும் எண்ணம் இருந்தால் முதலில் டி.டி.எஸ். (கரைந்த உப்புகள்), எஸ்.ஏ.ஆர். (கால்சியம், மக்னீசியத்தோடு ஒப்பிட்டால் சோடியம் எவ்வளவு என்ற அளவு) இரண்டையும் அளந்து பாருங்கள்.