நார்க்கழிவில் நட்ட தக்காளி மஞ்சளாகிறது: உரத்தைக் கூட்டுவதா, கலவையை மாற்றுவதா?

பல்லடம் மாடித்தோட்டம்:
வணக்கம். மொட்டை மாடியில், ஓரடி அகலமும் ஓரடி உயரமும் உள்ள பத்துப் பைகளில் சித்திரைக் கடைசியில் தக்காளி நட்டேன். மாடிக்குப் பாரம் கூடாதென்று மண்ணே சேர்க்காமல், தென்னை நார்க்கழிவுக் கட்டிகளை ஊறவைத்து உதிர்த்து, நான்கில் ஒரு பங்கு மண்புழு உரம் கலந்து நிரப்பினேன். ஒரு மாதமாகியும் செடிகள் சாண் உயரத்தைத் தாண்டவில்லை. அடியிலைகள் மஞ்சளாகின்றன, இலைநுனிகள் கருகுகின்றன. ஊற்றுவது ஆழ்துளைக் கிணற்று நீர். உரத்தைக் கூட்டலாமா?

பொள்ளாச்சி தென்னந்தோப்பு:
அம்மணி, இப்போது உரத்தைக் கூட்ட வேண்டாம். உங்கள் செடியில் இரண்டு குறைகள் சேர்ந்து தெரிகின்றன. தேங்காய் மட்டையில் இயல்பாகவே பொட்டாசியம், சோடியம், குளோரைடு உப்புகள் உண்டு. கட்டியை ஒருமுறை ஊறவைத்து அந்த நீரோடு அப்படியே நிரப்பினால், அவ்வளவு உப்பும் பைக்குள்ளேயே தங்கி இலைநுனியைக் கருக்கும். மஞ்சளுக்குக் காரணம் வேறு. மக்காத கழிவில் கரிமம் மிகுதி, தழைச்சத்து (நைட்ரஜன்) மிகக் குறைவு என்பதால், அதை மக்கவைக்கும் நுண்ணுயிர்கள் செடிக்குரிய தழைச்சத்தைத் தாமே எடுத்துக்கொள்கின்றன. கோவை வேளாண் பல்கலைக்கழகம் சிப்பிக்காளான் வித்தும் யூரியாவும் அடுக்கடுக்காக இட்டு நார்க்கழிவை மக்கவைக்கப் பரிந்துரைப்பது இதற்காகத்தான். மக்கியது கருத்திருக்கும், பொன்னிறம் மாறாதது மக்காதது. கலவையில் ஒரு பிடியை இரவு முழுதும் ஊறவைத்து, பிழிந்த நீரையும் கிணற்று நீரையும் டிடிஎஸ் மீட்டரில் (நீரில் கரைந்த உப்பின் அளவைக் காட்டும் கருவி) அளந்து பாருங்கள்.

பல்லடம் மாடித்தோட்டம்:
அளந்தேன், ஐயா. கிணற்று நீர் 1,100 பிபிஎம், பிழிந்த நீர் 2,700 பிபிஎம் காட்டுகிறது. செடிகளைப் பிடுங்கிவிட வேண்டுமா?

பொள்ளாச்சி தென்னந்தோப்பு:
வேண்டியதில்லை. உங்கள் பை ஏறத்தாழ இருபது லிட்டர் கொள்ளும்; ஒவ்வொன்றிலும் நாற்பது லிட்டர் நீரை மெதுவாக ஊற்றி, அடித்துளை வழியே முழுவதும் வடியவிடுங்கள். கடைசிப் பத்து லிட்டராவது குழாயில் வரும் ஆற்று நீராகவோ மழைநீராகவோ இருக்கட்டும், ஏனெனில் உங்கள் கிணற்று நீரே உப்புநீர்தான். நீர் வடிந்த மறுநாள், பத்து லிட்டருக்கு 300 மில்லி பஞ்சகவ்யம் கலந்து வேரில் ஊற்றுங்கள்.

கோபி செம்மண்:
பெரியவர் சொன்னதை ஏற்கிறேன். ஆனால் அடுத்த நடவுக்கு மண்ணை அறவே ஒதுக்காதீர்கள். பை முழுவதும் ஈரமண் என்றால் முப்பது கிலோவைத் தாண்டும் என்பது மெய். மூன்றில் ஒரு பங்கு செம்மண் மட்டும் அவ்வளவு பாரமாகாது, ஆடிக் காற்றில் பையையும் சாயவிடாது. கழுவி மக்கிய நார்க்கழிவு ஒரு பங்கு, மட்கிய ஆட்டெருவும் மண்புழு உரமும் சேர்த்து ஒரு பங்கு, பைக்கு ஒரு பிடி வேப்பம்புண்ணாக்கு. இதுவே பல ஆண்டுகளாக என் கலவை. அரிசி ஆலையில் கருக்கிய உமி கிடைத்தால் இரண்டு பிடி சேருங்கள், கலவை இறுகாது. ஓடைக்கரை வண்டலை மட்டும் தொடாதீர்கள். பைக்குள் அது களியாக இறுகி வேரை மூச்சுத் திணறவைக்கும்.

பல்லடம் மாடித்தோட்டம்:
இருவருக்கும் நன்றி. இன்று மாலை ஐந்து பைகளை மட்டும் அலசுகிறேன். மற்ற ஐந்தையும் ஒரு வாரம் அப்படியே விட்டு, இரண்டையும் அளந்து இங்கேயே எழுதுகிறேன்.