முதல் மாத்திரை போட்டாச்சு, இப்போ கரு வேணும்னு சொல்றா. நிறுத்த வழி இருக்கா?

கேள்வி (பென்னாகரம் பக்கம்)
தங்கச்சிக்கு 7 வாரம். மெடிக்கல்ல வாங்கின கருக்கலைப்பு கிட்ல முதல் மாத்திரையை நேத்து ராத்திரி போட்டுட்டா. மீதி நாலும் அட்டையிலேயே இருக்கு. காலையில இருந்து குழந்தை வேணும்ங்கறா. ரத்தப்போக்கு இல்ல, ஸ்கேனும் எடுக்கல. புரோஜெஸ்டிரோன் ஊசி போட்டா சரியாயிடும்னு யூடியூப்ல சொல்றாங்களே, உண்மையா?

பார்மசிஸ்ட், பாலக்கோடு
முதல் வேலை, அந்த நாலு மாத்திரையும் அவங்க கைக்கு எட்டாம எடுத்து வைங்க. போட்டது மிஃபெப்ரிஸ்டோன் 200 மி.கி. கருவைத் தாங்குற புரோஜெஸ்டிரோன் வேலை செய்யற இடத்தை இது அடைச்சுக்கும். மீதி நாலும் மிசோபுரோஸ்டால், தலா 200 மைக்ரோகிராம். 24-48 மணி நேரம் கழிச்சு கர்ப்பப்பையைச் சுருக்கி வெளியே தள்ளுறது அதுதான். அதையும் போட்டுட்டா திருப்ப வழியே இல்ல. முதல் மாத்திரையோட நின்னவங்கள்ல சிலருக்கு எந்த மருந்தும் இல்லாமலே கரு தொடரும். பழைய ஆய்வுகள்ல அது 8-லிருந்து 46 சதவீதம் வரைக்கும் இருக்கு. சீட்டில்லாம இந்த கிட்டை வித்ததே தப்பு, அது தனிக் கதை.

ஸ்டாஃப் நர்ஸ், தருமபுரி
யூடியூப்காரங்க காட்டுறது 2018-ல அமெரிக்காவுல வந்த டெல்காடோ ஆய்வு. புரோஜெஸ்டிரோன் வாங்கினவங்கள்ல 48 சதவீதம் பேருக்குக் குழந்தை பிறந்ததுன்னு அது சொல்லுது. ஆனா புரோஜெஸ்டிரோன் வாங்காதவங்களை அதே மாதிரி கூடவே வச்சுப் பார்க்கல. மேல சொன்ன 46-ஐப் பக்கத்துல வச்சுப் பாருங்க, புரியும். அமெரிக்க மகப்பேறு மருத்துவர் சங்கமும் இந்த வைத்தியத்தைப் பரிந்துரைக்கல.

கேட்டவர்
சரிக்கா. பலன் இல்லாட்டியும் கெடுதல் இல்லையே, போட்டுப் பார்க்கலாமா? குழந்தைக்கு ஊனம் வருமா?

ஸ்டாஃப் நர்ஸ், தருமபுரி
2020-ல வெளியான முறையான சோதனை ஒண்ணை 40 பேரை வச்சுத் திட்டமிட்டிருந்தாங்க. 12 பேரோட நிறுத்திட்டாங்க. மூணு பேருக்கு ஆஸ்பத்திரிக்கு ஓடற அளவு ரத்தப்போக்கு: ஒருத்தர் புரோஜெஸ்டிரோன் வாங்கினவர், ரெண்டு பேர் அதுக்குப் பதிலா மருந்தில்லாத போலி மாத்திரை வாங்கினவங்க. அதாவது முதல் மாத்திரையைப் போட்டு இரண்டாவதை விடறதுலயே அந்த ஆபத்து இருக்கு. ஊசியை டாக்டர் பார்த்து முடிவு பண்ணட்டும், கிராமத்துல யாரோ போடுறது வேண்டாம். மிஃபெப்ரிஸ்டோனால ஊனம் வரும்னு இதுவரைக்கும் தெரியல. மிசோபுரோஸ்டால் அப்படியில்ல: அது போட்டும் கரு தங்கினா கை கால், முக நரம்புக் குறைபாடு வரலாம். கரு தொடர்ந்தா 18-20 வாரத்து ஸ்கேனைத் தவறவிடாதீங்க.

கிருஷ்ணகிரிக்காரன்
இன்னைக்கே ஸ்கேன். கரு கர்ப்பப்பைக்குள்ள இருக்கா, துடிப்பு இருக்கான்னு பார்க்கணும். கருக்குழாயில இருந்தா இந்த மாத்திரைக்கு அது அசையாது. ஒரு பக்க வயித்துவலி, தோள்வலி, மயக்கம் வந்தா உயிருக்கே ஆபத்து. துடிப்பு இருந்தா ஒரு வாரம் பத்து நாள்ல மறுபடி ஸ்கேன். துடிப்பு நின்னிருந்தா அடுத்து என்ன செய்யணும்னு டாக்டரே முடிவு பண்ணட்டும், நீங்களா வீட்டுல காத்திருக்காதீங்க. பெரிய பேடு ரெண்டு ஒரு மணி நேரத்துல நனைஞ்சு, அடுத்த மணி நேரமும் அப்படியே போனா 108. தருமபுரி அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை சீமாங் (அவசர மகப்பேறு) வார்டுக்குப் போங்க, மாத்திரை அட்டையையும் எடுத்துட்டுப் போங்க. எத்தனை மணிக்குப் போட்டதுன்னு மறைக்காம சொல்லுங்க. கர்ப்பத்தைக் கலைச்சவங்க பேரை வெளியே சொல்லக்கூடாதுன்னு கருக்கலைப்புச் சட்டத்தோட 2021 திருத்தத்துலயே இருக்கு. 18 வயசு ஆனவங்கன்னா கர்ப்பத்தைக் கலைக்கவும் புருஷன் கையெழுத்து வேண்டாம். வச்சுக்கணும்னா அதை யாரும் தடுக்கவும் முடியாது.