14 வயது ஸ்பிட்ஸ், இரவெல்லாம் நடை, மூலையில் சிக்கிக்கொள்கிறது

கேள்வி:
பெண் நாய், 9 கிலோ. நாலைந்து மாதமாகக் கொஞ்சம் கொஞ்சமாக மாற்றம். இரவு 1 மணிக்கு எழுந்தால் விடியும்வரை நடை. பீரோ இடுக்கில் நுழைந்தால் பின்னால் வரத் தெரியவில்லை. கதவில் கீல் இருக்கும் பக்கம் போய் நிற்கிறது. ஹாலிலேயே சிறுநீர். பகலில் தூக்கம். வயசாச்சு, விட்டுடுங்க என்கிறார்கள். மருந்து உண்டா?

பதில் 1:
உண்டு. கீல் பக்கம் நிற்பதும் இடுக்கில் மாட்டுவதும் மூளை முதுமையின் அடையாளங்கள். அல்சைமர் நோயில் போலவே மூளையில் பீட்டா அமிலாய்டு என்ற புரதம் படிகிறது. இதை உறுதிசெய்யத் தனி ரத்தப் பரிசோதனை இல்லை, மற்ற நோய்களை விலக்கித்தான் முடிவுக்கு வர முடியும். கிரியேட்டினின் (சிறுநீரகத்துக்கான ரத்தப் பரிசோதனை), சர்க்கரை, சிறுநீர் அடர்த்தி, ரத்த அழுத்தம் பாருங்கள். கண், காது, மூட்டு வலியும் பார்க்கணும். ஹாலில் சிறுநீர் போவது சிறுநீரகக் கோளாறாகவோ சிறுநீர்த் தொற்றாகவோ இருக்கலாம். அதனால் இரவில் தண்ணீர்க் கிண்ணத்தை எடுத்துவிடாதீர்கள்.

ஒரே பக்கமாகச் சுற்றுவது, தலை சாய்வது, வலிப்பு, எல்லாம் திடீரென வந்தது என்றால் இது வேறு. அன்றே மருத்துவரிடம் போங்கள்.

பதில் 2:
மருந்து செலிஜிலின். காலையில் ஒரு வேளை, கிலோவுக்கு 0.5 முதல் 1 மில்லிகிராம். 9 கிலோவுக்கு 5 மில்லிகிராம் மாத்திரை ஒன்று அந்தக் கணக்குக்குள் வரும். மருத்துவர் எழுதித் தந்த பிறகுதான். பலன் தெரிய 4 முதல் 6 வாரம் பிடிக்கும், ஒரு வாரத்தில் கைவிட வேண்டாம். டிரமடால் (வலி மருந்து), ஃபுளூவாக்செட்டின் (பதற்ற மருந்து) போகிறதா? அவற்றோடு செலிஜிலின் சேரக் கூடாது.

கேட்டவர்:
இல்லை. போன வாரம் உண்ணிக்கு அமிட்ராஸ் மருந்து கலந்து குளிப்பாட்டினோம். தேங்காய் எண்ணெய் மூளைக்கு நல்லதென்று தினம் 2 ஸ்பூன் தருகிறோம்.

பதில் 2:
அமிட்ராஸ் போட்டதை மருத்துவரிடம் முதலில் சொல்லுங்கள். செலிஜிலினோடு சேரவே கூடாது, இரண்டும் ஒரே நொதியைத் தடுப்பவை. எத்தனை நாள் இடைவெளி என்பதை மருத்துவர் தீர்மானிக்கட்டும். உண்ணிக்கு, வலிப்பு இல்லாத நாயென்றால், ஃபுளூரலேனர் மாத்திரை போதும்.

தேங்காய் எண்ணெயை நிறுத்துங்கள். அதில் லாரிக் அமிலம் என்ற கொழுப்பே அதிகம். முதிய நாய்களிடம் பலன் காட்டியது எம்சிடி (நடுத்தரச் சங்கிலிக் கொழுப்பு) சேர்த்த உணவு, வெறும் தேங்காய் எண்ணெய் அல்ல. சின்ன நாய்க்கு 2 ஸ்பூன் கொழுப்பு கணைய அழற்சியைக் கிளப்பிவிடலாம்.

பதில் 1:
வீட்டில்: இடுக்குகளை அட்டை வைத்து மூடுங்கள். டைல்ஸில் வழுக்காத பாய், வராந்தாவில் சின்ன விளக்கு. சாமான்களை இடம் மாற்றாதீர்கள். காலை வெயிலில் 15 நிமிடம் நடை, மாலை எழுப்பி விளையாட்டு, 10 மணிக்குக் கடைசியாக வெளியே. ஹாலில் போனதற்குத் திட்டாதீர்கள், ஏன் திட்டுகிறீர்கள் என்று நாய்க்குப் புரியாது.

மருத்துவமனையில் பதற்றத்தில் விழிப்பாகவே நிற்கும். இரவு நடையை 2 நிமிடம் வீடியோ எடுத்துப் போங்கள்.