எல்டி 50: பாதிக்கொல்லளவா, இடைநிலைக் கொல்லளவா?

குழுவினருக்கு வணக்கம்.

பூச்சிமருந்துப் பாதுகாப்புக் கையேடு வியாழன்று அச்சுக்குப் போகிறது. எல்டி 50-க்குச் சொல் வேண்டும். சோதனை விலங்குகளில் பாதியைக் கொல்லும் அளவு அது. உடலெடையில் கிலோவுக்கு இத்தனை மில்லிகிராம் என்பார்கள். 1927இல் மருந்தியலாளர் டிரெவன் கொண்டுவந்தது. எலிக்கு வாய்வழியாக, மோனோகுரோட்டோபாசு என்ற பூச்சிமருந்துக்கு 20-க்கும் கீழே. சைபர்மெத்ரின் என்ற இன்னொன்றுக்குச் சுமார் 250. எண் குறையக் குறைய நஞ்சு கூடும். இதைத் தலைகீழாகப் புரிந்துகொண்டால் ஆபத்து. ‘அரைக்கொல் அளவு’ சரிவருமா?

—

> அரைக்கொல் அளவு

வேண்டாம் ஐயா. குற்றுயிராக விடும் அளவு என்றாகிவிடும். கொல்களிறு போலக் ‘கொல்லளவு’ நல்ல வினைத்தொகை. முன்னே ‘பாதி’ சேருங்கள்: பாதிக்கொல்லளவு. பகுதிதான் பாதி ஆனது, தூய தமிழ்.

—

‘கொல்லே ஐயம்’ என்பது தொல்காப்பியம். ‘அணங்குகொல் ஆய்மயில்கொல்லோ’ என்று குறளும் ஐயத்தில்தான் ஆள்கிறது. கொல்லன் உலையிலும் ஒரு கொல் உண்டு. அளவைச் சொல்லில் ஐயம் தொனிக்கலாமா?

—

அது இடைச்சொல் அம்மா, இது வினைப்பகுதி. யாரும் குழம்ப மாட்டார்கள். குழப்பம் ‘பாதி’யில் இருக்கிறது. ‘பாதிக்கொல்’ என்றதும் பாதிக்கும், பாதிப்பு என்றுதான் கண் ஓடும். எல்டி 50-ஐ ஆங்கிலத்தில் ‘மீடியன் லீத்தல் டோஸ்’ என்பார்கள்; அந்த மீடியனுக்குப் பள்ளிப் புள்ளியியலில் ‘இடைநிலை’ இருக்கிறதே. ‘இடைநிலைக் கொல்லளவு’ என்பேன்.

—

களத்தில் வேலை செய்பவன் என்ற முறையில் சொல்கிறேன். கையேட்டின் பெயரிலேயே ‘மருந்து’ இருக்கிறது. வயலில் மருந்து அடிக்கிறார்கள். தற்கொலை செய்தவரையும் ‘மருந்து குடிச்சிட்டாரு’ என்கிறார்கள். அந்தப் பெயர்தான் கையுறை இல்லாமல் கலக்க வைக்கிறது. மோனோகுரோட்டோபாசு தோல்வழியாகவும் ஏறும். நரம்பில் அசிட்டைல்கோலினைச் சிதைக்கும் நொதியை முடக்கும். வியர்வை கொட்டும், எச்சில் ஒழுகும், கண்மணி சுருங்கும், மூச்சு அடைக்கும். முதலில் ‘பூச்சிக்கொல்லி நஞ்சு’ என்று மாற்றுங்கள். எல்டி 50-ஐ டப்பாவின் மேலுள்ள நிற முக்கோணத்தோடு சேர்த்துச் சொல்லுங்கள்: வாய்வழி அளவு 50 வரை சிவப்பு, 500 வரை மஞ்சள், 5000 வரை நீலம், அதற்கும் மேல் பச்சை. மருந்து அடிப்பவர் டப்பாவில் பார்ப்பது அதைத்தான்.

—

நிறத்தை ஏற்கிறேன். ‘மருந்து’ போகக்கூடாது. ‘பூச்சிக்கொல்லி’ என்றால் பூச்சியை மட்டும் கொல்வது என்று நினைப்பவரும் உண்டு.

—

அதனால்தான் கூடவே ‘நஞ்சு’ என்றேன்.

—

நேரமில்லை. தலைப்பில் ‘பூச்சிக்கொல்லி நஞ்சு’. உள்ளே ‘பாதிக்கொல்லளவு’, அதாவது பாதி எலிகள் சாகும் அளவு, பக்கத்தில் முக்கோணம். நால்வர் ஒப்பியிருக்கிறார்கள்.

—

நான் ஒப்பவில்லை. ‘இடைநிலை’யை அடுத்த பதிப்புக்காவது குறித்து வையுங்கள்.