மறு: 'பொலிட்டிகல் டைம்': அரசியற்பொழுது?

குழுவினருக்கு வணக்கம்.

அமெரிக்க அதிபர்களைப் பற்றிய பாடத்தில் வரும் 'பொலிட்டிகல் டைம்' நம் கலைச்சொல் பட்டியலில் 'அரசியல் காலம்' என்று இருக்கிறது. மாற்றியாக வேண்டும். 'ரூசவெல்ட்டின் அரசியல் காலம்' என்றால் அவர் அரசியலில் இருந்த ஆண்டுகள் என்றுதான் எவரும் படிப்பார்கள். இச்சொல்லை முன்வைத்த அமெரிக்க அரசியலறிஞர் ஸ்டீபன் ஸ்கவ்ரோனெக் இதில் கேட்பவை இரண்டு கேள்விகள்: அதிபர் பதவியேற்கும்போது, அதுவரை கோலோச்சிய கொள்கையும் கூட்டணியும் தழைத்து நிற்கின்றனவா, தளர்ந்துவிட்டனவா? அவர் அந்த அணியின் ஆளா, எதிராளியா?

அரசியற்பொழுது என்று வைக்கலாம். நிலமும் பொழுதும் முதற்பொருள் என்ற மரபு நமக்கு இருப்பதால், பொழுது என்றால் கடிகார நேரம் மட்டும் என்று யாரும் மயங்கமாட்டார்கள். அதிபரின் சொந்தத் திறனுக்குக் குறள் 471இல் உள்ள 'தன்வலி' போதும்.

---

> அதிபரின் சொந்தத் திறனுக்குக் குறள் 471இல் உள்ள 'தன்வலி' போதும்.

தன்வலிக்கு உடன்பாடு. பொழுதுதான் உறுத்துகிறது, வேகமாகப் படிப்பவர் கண்ணுக்கு 'அரசியல் பொழுதுபோக்கு' என்று படும். (சில நாள்களில் அதுவும் பொருந்தும்.) ஆனால் ஓசையை விடப் பெரிய சோதனை ஒன்று இருக்கிறது: ஒரு நிகழ்வை எடுத்து, எது பொழுது, எது தன்வலி என்று இச்சொற்களால் பிரித்துச் சொல்ல முடிகிறதா?

1933 வங்கி நெருக்கடியைப் பாருங்கள். அப்போது பதவி முடியும் தறுவாயில் இருந்த அதிபர் ஹூவர் திறமையற்றவர் அல்லர். சுரங்கப் பொறியாளர், முதல் உலகப் போரில் பெல்ஜியத்துக்கு உணவு அனுப்பும் பெரும்பணியை நடத்தியவர். அவருடைய பதவியின் கடைசி வாரங்களில், பிப்ரவரி 14 அன்று, மிச்சிகன் ஆளுநர் மாநில வங்கிகளை மூடினார். போட்ட பணத்தை எடுக்கும் கூட்டம் மற்ற மாநிலங்களிலும் முண்டியது. பகைநாட்டு வணிகம் பற்றிய 1917ஆம் ஆண்டுச் சட்டத்தைக் கொண்டு நாடு முழுதும் வங்கிகளை மூடலாம் என்ற யோசனை அவர் முன் இருந்தது. தனியே செய்யத் தயங்கி, அடுத்து வரப்போகும் ரூசவெல்ட்டும் உடன் நிற்க வேண்டும் என்றார். ரூசவெல்ட் பிடிகொடுக்கவில்லை.

மார்ச் 4இல் பதவியேற்ற ரூசவெல்ட், 6ஆம் தேதி அதே 1917 சட்டத்தின் பேரில் வங்கிகளுக்கு விடுமுறை அறிவித்தார். 9ஆம் தேதி அவசர வங்கிச் சட்டம் ஒரே நாளில் இரு அவைகளிலும் நிறைவேறியது. அதன் வரைவில் பெரும்பங்கு, ஹூவரின் கருவூலத் துறையில் இருந்து, ஆட்சி மாற்றத்துக்குப் பிறகும் தங்கி உதவிய அதிகாரிகளுடையது! ஆக, சட்டம் அதே, எழுதியவர்களும் ஏறக்குறைய அவர்களே. தோற்றுப்போன அணியின் தலைவர் கேட்டால் கிடைக்காத இசைவு, 48 மாநிலங்களில் 42ஐ வென்று வந்தவருக்குக் கிடைத்தது. இது பொழுது. மார்ச் 12 இரவு வானொலியில், வங்கி உங்கள் பணத்தை என்ன செய்கிறது என்று பாமரருக்கும் விளங்கச் சொன்னாரே, அது தன்வலி. மறுநாள் வங்கிகள் திறக்கத் தொடங்கியபோது மக்கள் பணத்தைத் திரும்பப் போட வந்தார்கள்.

சொல் சோதனையில் தேறுகிறது. என் மறுப்பைத் திரும்பப் பெறுகிறேன்.

---

இரண்டு சொல் போதாது என்பது என் கருத்து. மாணவர்கள் வழக்கமாகச் சறுக்கும் இடம், 'பொழுது சாதகம்' என்பதை 'அவையில் பெரும்பான்மை' என்று எடுத்துக்கொள்வது.

1936இல் ரூசவெல்ட் பெற்ற தேர்வாளர் வாக்குகள் 523, எதிராளிக்கு 8. மேலவையிலும் அவர் கட்சியே மலைபோல் இருந்தது. 1937 பிப்ரவரியில், 70 வயது கடந்தும் விலகாத ஒவ்வொரு உச்ச நீதிமன்ற நீதிபதிக்கும் ஒருவர் வீதம், ஆறு பேர் வரை கூடுதலாக அமர்த்த அதிகாரம் கேட்டார். ஜூலையில் அந்த மசோதாவை மேலவை குழுவுக்கே திருப்பியனுப்பிப் புதைத்தது. அதில் அவர் கட்சியினரும் சேர்ந்துகொண்டார்கள். உறுப்பினர் எண்ணிக்கை இருந்தது, நீதிமன்றத்தில் கைவைக்க இசைவு இல்லை.

கார்ட்டர் இன்னும் கூர்மையான சான்று. 1977இல் கீழவையின் 435 இடங்களில் 292 அவர் கட்சிக்கு. பனாமா கால்வாய் உடன்படிக்கைகளுக்கு மேலவையில் 67 வேண்டும். இரண்டுமே 68க்கு 32 என்று தேறின. ஒவ்வொரு உறுப்பினராகப் பேசிச் சேர்த்த வாக்குகள் அவை, தன்வலி நன்றாகவே தெரிகிறது. ஆனாலும் அவர் கட்சியின் பழைய பொருளாதாரக் கொள்கை பணவீக்கத்தின் முன் கையற்று நின்றது. 1980இல் அவர் வென்றவை ஆறு மாநிலங்களும் தலைநகரமும்தான்.

ஆகவே அவை ஆதரவுக்குத் தனியாக 'துணைவலி' வேண்டும். அதே குறளில் இருக்கிறது.

---

துணைவலி சரி. ஸ்கவ்ரோனெக்கின் இரண்டு கேள்விகளுக்கான விடைகளால் அதிபர்கள் நான்கு வகைப்படுகிறார்கள். இந்த உட்பிரிவுகளுக்கு வைகறை, எற்பாடு (பொழுது சாயும் நேரம்) என்று சிறுபொழுதுப் பெயர்களை வைக்கலாமே என்று தனிமடலில் கேட்டிருந்தார்கள். அழகுதான், ஆனால் வேண்டாம். எற்பாட்டுக்குப் பின் மாலையும் யாமமும் தப்பாமல் வரும். அரசியலில் அப்படி உறுதியில்லை. தழைத்து நிற்கும் எதிரணிக் கொள்கைக்கு நடுவில் பதவிக்கு வந்த ஐசன்ஹோவரை எந்தப் பொழுதில் வைப்பது?

வினையாகவே சொல்லிவிடலாம்: தளர்ந்த அணிக்கு எதிராளியாக வருபவர் அடிகோலும் அதிபர் (லிங்கன், ரூசவெல்ட், ரேகன்), தழைத்த அணியின் ஆள் வழித்தொடரும் அதிபர் (லிண்டன் ஜான்சன்), தளர்ந்த அணியின் ஆள் சரிவுதாங்கும் அதிபர் (ஹூவர், கார்ட்டர்), தழைத்த அணிக்கு எதிராளி குறுக்கிடும் அதிபர் (ஐசன்ஹோவர், நிக்சன்).

பட்டியலில் 'அரசியற்பொழுது' தலைச்சொல். தேடுபவர் பிரித்தே தட்டுவார் என்பதால் 'அரசியல் பொழுது' என்ற வடிவத்தையும் அதற்கே இணைக்கவும். பழைய 'அரசியல் காலம்' என்ற பதிவை நீக்காமல், 'பதவியில் இருந்த ஆண்டுகள்' என்ற பொருளுக்கு ஒதுக்கிவிடலாம். 'வழித்தொடரும்' கொஞ்சம் நீளம். குறுகிய சொல் தோன்றினால் இந்த இழையிலேயே எழுதுங்கள்.