எரேமியா 29:11-ஐ வாலிபர் வேதபாடத்தில் எப்படி நடத்துவது?

ஒலிவமரம்:
எல்லாருக்கும் ஸ்தோத்திரம். அடிக்கடி தனியாகப் பிய்த்தெடுத்துச் சொல்லப்படும் வசனங்களை அதனதன் இடத்தில் வைத்து வாலிபர்களோடு வாசிக்க வேண்டும். எரேமியா 29:11 (உங்கள்பேரில் நான் நினைத்திருக்கிற நினைவுகள் தீமைக்கல்ல, சமாதானத்துக்கே என்று கர்த்தர் சொல்வது), பிலிப்பியர் 4:13 (என்னைப் பெலப்படுத்துகிற கிறிஸ்துவினாலே எல்லாவற்றையும் செய்ய எனக்குப் பெலனுண்டு), மத்தேயு 18:20 (இரண்டு பேராவது மூன்று பேராவது என் நாமத்தினாலே கூடியிருக்கிற இடத்தில் அவர்கள் நடுவிலே இருக்கிறேன்) மூன்றும் முதலில். ஒரு வகுப்பு ஒரு மணி நேரம். ஒரு தயக்கம் உண்டு: "இது உனக்கு எழுதினதல்ல" என்று சொல்லிவிட்டால், துக்கத்தில் அந்த வசனத்தைப் பிடித்துக்கொண்டிருக்கிற பிள்ளைக்கு என்ன மிஞ்சும்? எங்கே தொடங்குவது, எதுவரை வாசிக்க வைப்பது?

எழுத்தாணி:
சகோதரரே, 29-ல் தொடங்காதீர்கள், 27-லிருந்து வாருங்கள். 27, 28, 29 மூன்று அதிகாரமும் ஒரே வழக்கு.

கி.மு. 597-ல் பாபிலோன் ராஜா நேபுகாத்நேச்சார், யூதாவின் ராஜாவாகிய எகொனியாவையும், பிரபுக்களையும், தச்சரையும் கொல்லரையும் பாபிலோனுக்குக் கொண்டுபோய்விட்டான். அங்கே போனவர்களும் சரி, எருசலேமில் மிஞ்சினவர்களும் சரி, எப்போது திரும்புவார்கள் என்றுதான் கேட்டுக்கொண்டிருந்தார்கள். அனனியா என்கிற தீர்க்கதரிசி ஆலயத்தில் ஜனங்கள் முன்பாக "இரண்டு வருஷத்தில் திரும்புவார்கள்" என்று கர்த்தரின் பெயரிலேயே சொல்கிறான். எரேமியா முதலில் "ஆமென், கர்த்தர் அப்படியே செய்வாராக" என்கிறார் (28:6). அவருக்கும் அதுதான் ஆசை. ஆனாலும் அது கர்த்தர் சொன்னதல்ல. பாபிலோனுக்குக் கீழ்ப்பட்டிருக்க வேண்டும் என்பதற்கு அடையாளமாக எரேமியா கழுத்தில் போட்டிருந்த நுகத்தை (27-ஆம் அதிகாரம்) அனனியா பிடுங்கி உடைக்கிறான். அது ஐந்தாம் மாதம். ஏழாம் மாதத்தில் அவன் இறந்துபோனான் (28:1, 17).

இதற்குப் பிறகு 29-ஐ எடுங்கள். அது கடிதம். எகொனியாவுக்குப் பின் எருசலேமில் ராஜாவான சிதேக்கியா நேபுகாத்நேச்சாரிடம் அனுப்பின தூதர்கள் கையில் எரேமியா கொடுத்துவிட்டது. 1 முதல் 14 வரை ஒருவர் சத்தமாக, இடையில் நிறுத்தாமல் வாசிக்கட்டும். மற்றவர்கள் தாளில் குறிக்க வேண்டியவை: யார் எழுதினது, யாருக்கு, அவர்கள் அப்போது எதை நம்பிக்கொண்டிருந்தார்கள், என்ன செய்யச் சொல்கிறது, எப்போது நிறைவேறும். விளக்கத்தை நீங்கள் முந்திக்கொண்டு சொல்லாதீர்கள். 5, 6-ல் வீடு கட்டு, தோட்டம் நாட்டு, பிள்ளைகளுக்குக் கல்யாணம் செய்துவை என்று வரும்போதே, சீக்கிரம் திரும்புவதில்லை என்று அவர்களுக்கே புரியும். 7 இன்னும் கடினமானது: தங்களைச் சிறைபிடித்த பட்டணத்தின் சமாதானத்துக்காக ஜெபிக்க வேண்டும். 10-ல் எழுபது வருஷம். 30 வயதில் இந்தக் கடிதத்தைக் கேட்டவன் ஊர் திரும்பியிருப்பானா என்று கேளுங்கள். அந்தக் கணக்கைப் போட்ட பிறகு 11-ஐத் திரும்ப வாசிக்கச் சொல்லுங்கள்.

பெரோயா:
எழுபது வருஷக் கணக்கில் யாராவது கேள்வி எழுப்புவார்கள், தயாராக இருங்கள். 597-லிருந்து பாபிலோன் பெர்சிய ராஜா கோரேசிடம் விழுந்த 539 வரை 58 வருஷம்தான் வருகிறது. 10-ஆம் வசனம் பேசுவது பாபிலோனின் ஆதிக்கத்துக்குரிய எழுபது வருஷத்தை. பாபிலோனுக்கு முன் ஆண்ட அசீரியாவின் கடைசி எதிர்ப்பு ஓய்ந்த 609-லிருந்து எண்ணினால் 539-க்குச் சரியாக வரும். ஆலயம் இடிந்த 586-லிருந்து, திரும்பக் கட்டி முடிந்த 516 வரை எண்ணுகிறவர்களும் உண்டு. வகுப்பில் இதற்கு ஐந்து நிமிஷத்துக்கு மேல் கொடுக்காதீர்கள், பேச்சு திசைமாறிவிடும்.

உங்கள் தயக்கம்தான் எனக்கு முக்கியமாகப் படுகிறது. பின்னணி படித்தவர்கள் வழக்கமாகச் சறுக்குகிற இடம் அது: வசனத்தை இடத்தில் வைத்ததும், அங்கேயே பூட்டிவிட்டு வந்துவிடுகிறார்கள். பவுல் அப்படிச் செய்வதில்லை. வனாந்தரத்தில் இஸ்ரவேலருக்கு நடந்தவற்றைச் சொல்லிவிட்டு, அவை நமக்கு எச்சரிப்பாக எழுதப்பட்டிருக்கிறது என்கிறார் (1 கொரிந்தியர் 10:11). ஆகவே அந்தப் பிள்ளையிடம் "இது உனக்கல்ல" என்று சொல்ல வேண்டாம். இது பரீட்சைக்கோ வேலைக்கோ தேதி குறித்துக் கொடுத்த வாக்கு இல்லை. தாங்களே வருவித்துக்கொண்ட சிறையிருப்பிலும் தம்முடைய ஜனத்தைக் கைவிடாத தேவனின் மனம் இதில் தெரிகிறது. துக்கம் நாளைக்கே தீராவிட்டாலும் அந்த வசனம் பொய்யாகாது. தனியாகப் பிய்த்த வசனத்தால் அதைச் சொல்ல முடியாது.

மெழுகுத்திரி:
மற்ற இரண்டுக்கும் சேர்த்து எழுதுகிறேன்.

பிலிப்பியர் சுலபம். 4:10-லிருந்து 20 வரை வாசித்தால் போதும். பவுல் காவலில் இருக்கிறார் (1:13). எப்பாப்பிரோதீத்து கையில் பிலிப்பி சபை அனுப்பின உதவிக்கு நன்றி எழுதுகிறார். "எல்லாவற்றையும்" என்பதில் எவை அடங்கும் என்று 12-ஆம் வசனமே சொல்லிவிடுகிறது: தாழ்வு, வாழ்வு, திருப்தி, பட்டினி. விளையாட்டில் ஜெயிப்பதற்கு இதைச் சொல்லுகிறவர்களுக்குத் தோற்றபோதும் இதே வசனம் பொருந்தும் என்று காட்டுங்கள். 14-ஐ விட்டுவிடாதீர்கள்: இவ்வளவு பெலனுள்ளவர், நீங்கள் என் உபத்திரவத்தில் பங்குபெற்றது நலம் என்கிறார். உதவி வாங்குவது விசுவாசக் குறைவு என்று நினைக்கிற பிள்ளைகளுக்கு அது தேவை.

மத்தேயு 18:20 அப்படி ஒரு மணி நேரத்தில் முடியாது. 15-ல் தொடங்குங்கள். குற்றம் செய்த சகோதரனிடம் முதலில் தனியாகப் போ. கேட்காவிட்டால் ஒருவரையோ இருவரையோ கூட்டிக்கொண்டு போ. அப்புறம் சபைக்குச் சொல். 16-ல் வருகிற இரண்டு மூன்று சாட்சிகள் உபாகமம் 19:15-ன் சட்டம். 20-ல் வருகிற "இரண்டு பேராவது மூன்று பேராவது" அந்தப் பேச்சின் தொடர்ச்சிதான். கூட்டத்துக்கு ஆள் குறைந்தபோது சொல்லிக்கொள்ளும் ஆறுதலாக மட்டும் எடுத்தால், சகோதரனைத் திருத்துகிற அந்தப் பாரமான வேலையில் கர்த்தர் கூட நிற்கிறார் என்பது கண்ணுக்குத் தப்பிவிடுகிறது.

பெரோயா:
19-ல் வேண்டிக்கொள்வதும் இருக்கிறதே, மெழுகுத்திரி. ஜெபக் கூட்டத்துக்குப் பொருந்தாது என்று சொல்லிவிட முடியாது.

மெழுகுத்திரி:
உண்மை. ஜெபத்தை விலக்கவில்லை. அந்த ஜெபமும் தவறின சகோதரனை முன்வைத்த ஜெபம் என்பதைத்தான் சொல்கிறேன். தனியாக ஜெபிக்கிறவனோடு அவர் இல்லை என்று யாராவது இதை வைத்துச் சொன்னால், மத்தேயு 6:6-ஐத் திறந்து காட்டுங்கள்.

ஒலிவமரம், இதை இரண்டு வாரமாகப் பிரித்துக்கொள்ளுங்கள். முதல் வாரம் 12 முதல் 20 வரை. காணாமற்போன ஆட்டை முன்னால் வைத்தால்தான் 15-ஆம் வசனம் தண்டனைச் சட்டம்போல் ஒலிக்காது. அடுத்த வாரம் 21 முதல் 35 வரை. எத்தனைதரம் மன்னிப்பது என்று பேதுரு கேட்பது இந்த நடைமுறையைக் கேட்ட கையோடுதான்.